ஐந்து பாகத்துக்குக் கீழே

மோர்ப்பண்ணைக்குக் கிழக்கே
ஊர் செல் டவர் தீக்குச்சியாகும் இடத்தில்
நங்கூரம் போடச் சொன்னார்கள்.
கச்சான் ஓய்ந்த புரட்டாசி. நீவாடு வடக்கே.
வத்தைக்கு நாள் வாடகை இரண்டாயிரம்,
டீசல் அவர்கள் செலவு.
மீன் கேட்கவில்லை. சேறு கேட்டார்கள்.

பூமிராஜ் ஒரு பக்கம் நான் ஒரு பக்கம்
தம் கட்டி அடித்துக் குழாயை இறக்கினோம்.
ஐந்து பாகம் தண்ணீர்,
அதற்கும் கீழே ஒன்றரை ஆள் மண்.
ஏற்றும்போது கடல் சப்புக்கொட்டியது.

குழாயை நீளவாக்கில் பிளந்தார் பவதாரணி.
மேலே சாம்பல் சேறு, அதில் ஒரு நண்டுக்கால்.
பிறகு உடைந்த மட்டி, மட்டி, மட்டி.
பிறகு ஒரு சாண் கறுப்பு:
அழுகிய கண்டல் வேர்,
நேற்றுச் செத்ததுபோல் நாற்றம்.
அதற்கும் அடியில்
சிவப்பு.

சாயல்குடித் தேரியில் கால் சுடுமே
அந்தச் சிவப்பு.
காற்று கொண்டுவந்து கொட்டிய மணல் என்றார்.
காற்றா? இந்த இடத்திலா?
முப்பது வருடம் நான் மடி இழுத்த இடத்தில்?

உலகத்துத் தண்ணீரில் பாதி
வடக்கே பனிக்கட்டியாகி ஏறி நின்றதாம்.
(பாதி இல்லை என்று திருத்தினார்.
எவ்வளவு என்பது நினைவில் இல்லை.)
கடல் வற்றி இறங்கியது, மழையும் பொய்த்தது.
இங்கிருந்து தலைமன்னாருக்கு
நடந்தே போயிருக்கலாம்.

"அப்போ எல்லைக்கோடு எங்க இருந்துச்சு?"
என்றான் பூமிராஜ்.
யாரும் சிரிக்கவில்லை.
அவன் தம்பி யாழ்ப்பாணச் சிறையில் இருக்கிறான்,
ஆடியிலிருந்து.

பள்ளிக்கூடத்தில் நெய்தல் என்று சொல்லித்தந்தார்கள் எங்கள் நிலத்தை.
அதன் அடியில்
வாய் பிளந்து படுத்திருக்கிறது பாலை.

சிவப்பைக் கையால் கலைத்தபோது
விரலைக் கிழித்தது ஒரு வெள்ளைக் கல்.
நகத்தளவு. ஒரு விளிம்பு மட்டும் கூர்.
மறுவிளிம்பில் என் கட்டைவிரல்
பொருந்தி உட்கார்ந்தது.
கல் தானாகவும் உடையும்,
ஒன்றை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது
என்றார் பவதாரணி.
அது அவர் படிப்பு.

எனக்கு ஒன்று போதும்.
காற்றுக்கு முதுகு கொடுத்து உட்கார்ந்திருக்கிறாள்,
வலை கிழிந்தால் நான் உட்காருவதுபோல.
மடியில் தோல். கண்ணில் மணல்.
கல்லைக் கல்லால் தட்டுகிறாள், சரியில்லை, எறிகிறாள்,
தட்டுகிறாள்.
கடலை அவள் பார்த்தே இருக்க மாட்டாள்.
அது தெற்கே எங்கோ,
யாரோ போய்வந்து சொன்ன பொய்.

பிறகு அது வந்தது.
சுனாமிபோல் இல்லை.
ஓர் ஆயுளுக்கு முழங்கால் அளவு.
ஆனால் சரிவே இல்லாத தரவையில்
முழங்கால் அளவு என்றால்
எத்தனையோ கூப்பிடு தூரம்.
முதலில் ஊற்று கரித்திருக்கும்.
அடுப்புக்கல்லைத் தூக்கிக்கொண்டு நகர்ந்திருப்பார்கள்,
பேரப்பிள்ளைகள் இன்னொரு முறை.
எப்போதோ ஒரு நாள்
அந்தப் பக்கம் தங்கிவிட்டவளைப்
பெயர் சொல்லிக் கூப்பிட்டு
கேட்காமல் போயிருக்கும்.

எங்கள் தெருக் கிணறு கரித்து ஆறு வருடம்.
லாரித் தண்ணீர் குடம் பத்து ரூபாய்.
இதை நான் பவதாரணியிடம் சொல்லவில்லை.
அவர் கல்லைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு
பதினேழு என்று எழுதிக்கொண்டிருந்தார்.
எத்தனை ஆண்டு என்று கேட்டேன்.
பன்னிரண்டாயிரம் இருக்கலாம்,
எட்டாயிரமாகவும் இருக்கலாம்,
சோதித்தால்தான் தெரியும்.

நங்கூரக் கயிற்றின் உப்பு
விரல் வெட்டில் ஏறி எரிந்தது.
திரும்பும் வழியில், வேலை இல்லாமலே,
ஆழம் பார்க்கும் கயிற்றை விட்டேன்.
ஈயக்குண்டு போய்
எதிலோ மெத்தென்று உட்கார்ந்தது.
"தரை" என்றான் பூமிராஜ்.
நாங்கள் எப்போதும் அதை
அப்படித்தான் சொல்லிவருகிறோம்.